குறைமாதக் குழந்தைகளும் வீடியோ வழிப் பயிற்சியும்

(நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்தையொட்டி, நம் சங்கக் கூடத்தில் நடந்த மாதச் சந்திப்பில் நம் குடியிருப்பைச் சேர்ந்த குழந்தைகள் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளும் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் ரிப்பேர் என்று எப்போதும் நிரம்பி வழியும் நம் நிகழ்ச்சி நிரலில், குறைமாதக் குழந்தைகளுக்காக அரை மணி நேரம் ஒதுக்கிய செயற்குழுவுக்கு என் நன்றி. கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் கொஞ்சம் விஷயம் சொல்ல வேண்டும்.

37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையைத்தான் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள். அதில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் நம் இந்தியாவில். அதாவது, இங்கே பிறக்கும் எட்டுக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று.

ஏழு மாதக் குழந்தை தங்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். இன்று 28 வாரத்தில், ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைகள்கூடப் பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். இன்குபேட்டரும் மருந்துகளும் டாக்டர்களும் நர்சுகளும் செய்த சாதனை அது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு? ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட அத்தனை பேரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அம்மா கையில் ஒரு டிஸ்சார்ஜ் காகிதம், இரண்டு கிலோகூட இல்லாத ஒரு குழந்தை, மனசு நிறைய பயம். நான் பேச வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பயிற்சி எதற்கு?

கருப்பையின் கடைசி மூன்று மாதத்தில் குழந்தைக்கு இடம் குறைந்துகொண்டே வரும். கைகால்களை மடக்கி, சுருண்டு கிடக்கும். உதைத்தால் கருப்பைச் சுவர் திருப்பித் தள்ளும். தசைகளுக்கு அதுதான் முதல் உடற்பயிற்சி. குறைமாதக் குழந்தைக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை. தட்டையான படுக்கையில், புவியீர்ப்பு விசைக்கு எதிராகக் கையையும் காலையும் தூக்க முடியாமல் பரப்பிப் போட்டுக்கொண்டு கிடக்கும். கை வாய்க்கு வராது. தலை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

மூளையும் அப்படித்தான். மூளையின் மடிப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி மாதங்களில்தான் உருவாகின்றன. 24 முதல் 32 வாரம் வரை, மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகளைச் சுற்றியுள்ள பகுதி மிகவும் மென்மையானது. கால்களுக்குப் போகும் நரம்புப் பாதை அந்த அறைகளை ஒட்டியே செல்கிறது. அதனால்தான் அங்கே பாதிப்பு வந்தால் முதலில் கால்கள் இறுகுகின்றன.

உடனே பயந்துவிடாதீர்கள். பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் யாருக்குச் சிக்கல் வரும், யாருக்கு வராது என்று முதல் சில மாதங்களில் சும்மா பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வளர்ச்சிப் பயிற்சியைத் தொடங்கிய குழந்தைகளுக்குப் பள்ளி செல்லும் முன்பான வயதில் அறிவு வளர்ச்சி மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் அசைவில் கிடைக்கும் பலன் அதைவிடக் குறைவு. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருத்திய வயது

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்திப் பிறந்தது. அதற்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் மூன்று மாதம்தான். இதைத் திருத்திய வயது என்கிறோம். சிரிப்பது, தலை நிற்பது, உட்காருவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்குதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு தடுப்பூசியைத் தள்ளிப் போடுபவர்கள் நிறையப் பேர்.

"இன்னும் தலை நிக்கலையா?" என்று லிஃப்டில் நாம் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம். அந்த அம்மா அன்று ராத்திரி தூங்க மாட்டார். தயவுசெய்து எடையையும் தலையையும் பற்றிக் கேட்காதீர்கள்.

வீடியோவில் என்ன நடக்கிறது?

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் பயிற்சிக்காகச் சென்னை வந்து போக வேண்டுமென்றால் ஒரு முழு நாள் போய்விடும். கூட்டமான பஸ்ஸில் சளியும் இருமலும் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் முழுதாகத் தேறாத குழந்தைக்கு அது ஆபத்து. இரண்டு முறை வருவார்கள். மூன்றாவது முறை வர மாட்டார்கள். இதற்காகத்தான் வீடியோ.

முதல் வகை, நேரடி வீடியோ கால். வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ, அரை மணி நேரம். என் கையில் ஒரு துணி பொம்மை இருக்கும். அம்மா கையில் குழந்தை. நான் பொம்மையில் காட்டுவேன். அவர் குழந்தையிடம் செய்வார். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"இப்ப அவன் என்ன பண்றான்னு சொல்லுங்கம்மா."

"விரலை எல்லாம் விரிக்கிறான் மேடம். விக்கல் வருது. மூஞ்சியைத் திருப்பிக்கிறான்."

"என்ன சொல்ல வர்றான்னு நினைக்கிறீங்க?"

"போதும்னு சொல்றானா?"

"ஆமாம்மா. அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கோங்க. ரெண்டு நிமிஷம் பேசவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம்."

கிளினிக்கில் இது இப்படி நடப்பதில்லை. என் கை முந்திக்கொள்ளும். குழந்தையை வாங்கி நானே செய்து காட்டிவிடுவேன். அம்மா வேடிக்கை பார்ப்பார். வீட்டுக்குப் போனதும் பாதி மறந்துவிடும். வீடியோவில் என்னால் தொட முடியாது. அந்தக் குறையே ஒரு வகையில் நல்லதாகிவிட்டது. அம்மாவின் கண்தான் பார்த்தாக வேண்டும், அம்மாவின் கைதான் செய்தாக வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் என்னோடு அந்தக் குழந்தை இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் முழுக்க வீட்டில்தான். அங்கே கற்றுக்கொண்ட கை ஒன்று இருந்தால்தான் பயன்.

பயிற்சி என்றதும் கையைக் காலைப் பிடித்து மடக்கி நீட்டுவது என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் மூன்றே மூன்று விஷயங்கள்தான். ஒன்று, அம்மாவோ அப்பாவோ சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொள்வது. முகத்தைப் பார்க்கும் ஆசையில் அது தலையைத் தூக்கப் பார்க்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு நாளைக்குப் பல முறை. இரண்டு, விழித்திருக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழைய நூல் புடவையைச் சுருட்டி முதுகுக்கு அணைவாக வைப்பது. அப்போது இரண்டு கைகளும் தானாக நெஞ்சுக்கு நடுவில் சந்திக்கும். மூன்று, 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் முகத்தைக் காட்டி, ஒரு வார்த்தை பேசிவிட்டுக் காத்திருப்பது. பதில் மெதுவாகத்தான் வரும். நாம் அவசரப்பட்டு அடுத்த வார்த்தை பேசிவிடுகிறோம்.

இரண்டாவது வகை, வீட்டில் எடுத்து அனுப்பும் மூன்று நிமிட வீடியோ. அப்பாயின்ட்மென்ட் நேரத்தில்தான் குழந்தை தூங்கும். நெட்வொர்க்கும் அப்போதுதான் போகும். ஆகவே குழந்தை நன்றாக இருக்கும் நேரத்தில் எடுத்து அனுப்பினால், நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியும்.

இதற்குப் பின்னால் பெரிய அறிவியல் ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் பணியாற்றிய ஹெயின்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர், குழந்தைகளின் இயல்பான அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். திருத்திய வயது மூன்று முதல் ஐந்து மாதத்தில், நன்றாக வளரும் குழந்தையின் கழுத்து, உடல், கை, கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அவை இல்லாவிட்டால் அது மூளை முடக்குவாதத்துக்கான வலுவான எச்சரிக்கை. இதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் வீடியோவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். முன்பு ஒன்றரை, இரண்டு வயது வரை காத்திருந்துதான் மூளை முடக்குவாதம் என்று சொல்வார்கள். இப்போது இந்த வீடியோ, ஸ்கேன், நேரடி நரம்புப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் சொல்லிவிட முடிகிறது. மூளை வேகமாக மாறும் காலத்திலேயே பயிற்சியைத் தொடங்க முடிகிறது. அந்த மூன்று நிமிடத்தின் மதிப்பு அவ்வளவு.

வீடியோ எடுக்கும்போது

- பால் குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, விழித்து, அழாமல் இருக்கும் நேரத்தில் எடுங்கள்.
- தரையில் விரிப்பு, அதன் மேல் ஒரே நிறத் துணி. டயபர் மட்டும் போதும். குளிராமல் இருக்க ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள்.
- ஜன்னல் வெளிச்சம் மொபைலுக்குப் பின்னாலிருந்து குழந்தை மேல் விழ வேண்டும்.
- மொபைல் கால்மாட்டில், கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். ஸ்டாண்ட் இல்லையா? இரண்டு டப்பாவுக்கு நடுவில் நிறுத்துங்கள். குழந்தைக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள். கை தவறினால் முகத்தில் விழும்.
- தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். கிலுகிலுப்பை வேண்டாம், ரப்பர் நிப்பிள் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். அது பாட்டுக்கு அசையட்டும்.
- குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். தெரபிஸ்டுக்கு மட்டும் அனுப்புங்கள். யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பாட்டியையும் கூப்பிடுங்கள்

வீடியோ காலில் அம்மா மட்டும் உட்கார்ந்தால் போதாது. கால் முடிந்ததும் பாட்டி, "அந்தப் பொண்ணு கிடக்கு, நான் பத்துப் புள்ளைய வளர்த்தவ" என்று ஆரம்பித்துவிடுவார். பாட்டியிடம் நிறைய விஷயம் இருக்கிறது. டாக்டர் சம்மதித்த பிறகு எண்ணெய் தடவி விடுவது நல்லதுதான். அவர் கை அதற்குப் பழகிய கை. தாலாட்டு மிகவும் நல்லது. ஒரே ராகம், மெல்லிய குரல், பழகிய முகம் மூன்றும் அதில் இருக்கின்றன.

ஆனால் சிலவற்றை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்பேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை நீவுவது, தலைகீழாகப் பிடிப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி, சின்னக் குழந்தைக்கு மூச்சுத் தடைபடலாம். தூங்கும்போது உறுதியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது மட்டும், அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பிறகு, வாக்கர் வாங்கிப் பரிசளிக்காதீர்கள். கனடாவில் 2004-லிருந்து அதை விற்கவே தடை.

திரையால் முடியாதவை

வீடியோவை எல்லாவற்றுக்கும் மாற்றாக நினைத்தால் ஆபத்து. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைக் கண் டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. மிகவும் முந்திப் பிறந்தவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே. தவறவிட்டால் பார்வையே போகலாம். செவிப் பரிசோதனை, எடை, தலைச் சுற்றளவு, தசை இறுக்கம், விழுங்குவதில் சிரமம் ஆகியவையும் நேரில்தான்.

மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிடுவது இருந்தால் எனக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூங்கி எழுந்ததும் உடம்பு திடீர் திடீரென்று முன்பக்கம் மடங்கி வெட்டுவது போல, தொடர்ச்சியாகப் பல முறை வந்தால், அது வலிப்பாக இருக்கலாம். ஒரு முறை படம் பிடித்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திருத்திய வயது மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ, நான்கு மாதத்துக்குப் பிறகும் கட்டை விரலை உள்ளே மடக்கிக் கை மூடியே இருந்தாலோ, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, நேரில் காட்ட வேண்டும்.

இதற்குக் காசு வேண்டுமே என்று நினைக்காதீர்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. பிசியோதெரபி, பேச்சு, செவி, கண் எல்லாம் அங்கே இலவசம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104-இல் கேளுங்கள். கிராமங்களில் வேறு வழியும் இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம், களப்பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, மொபைல் செயலி வழியாக நிபுணர்களின் வழிகாட்டுதலைக் கொண்டு சேர்க்கிறது.

என் கோரிக்கை

நம் வீடுகளில் வைஃபை இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் வீட்டுக்கும் அது இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர், ஒரே மொபைல், அதையும் கணவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பயிற்சிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அவர்கள் குழந்தைகளும் குறைமாதத்தில் பிறக்கிறார்கள்.

நம் கூடத்தை ஒட்டிய நூலக அறை மதியம் 2 முதல் 4 வரை பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அதைத் திறந்துவிடுங்கள். ஒரு பாய், ஒரு மொபைல் ஸ்டாண்ட், சங்கத்தின் வைஃபை, உள்ளே தாழ்ப்பாள். இவ்வளவுதான் கேட்கிறேன். நம்மிடம் வேலை பார்ப்பவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் யாராக இருந்தாலும் தங்கள் தெரபிஸ்டோடு அங்கே உட்கார்ந்து பேசட்டும். அவர்களை அனுப்பும் வீட்டுக்காரர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

கேள்வி நேரத்திலிருந்து

*என் பேத்தி அமெரிக்காவில் இருக்கிறாள். குழந்தைக்குத் திரையே காட்டக் கூடாது என்கிறார்கள். வீடியோ காலில் நாங்கள் பேசலாமா?*

தாராளமாகப் பேசுங்கள் ஐயா. ஒன்றரை வயது வரை திரை வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு தருகிறது. ஐந்து நிமிடம், மடியில் வைத்துக்கொண்டு. எங்கள் பயிற்சியிலும் குழந்தை திரையைப் பார்ப்பதில்லை, அம்மாதான் பார்ப்பார்.

*யூடியூபில் இந்தப் பயிற்சிகள் எல்லாம் இருக்கிறதே?*

இருக்கிறது. ஆனால் யூடியூப் உங்கள் குழந்தையைப் பார்ப்பதில்லை. தசை இறுகிய குழந்தைக்குச் செய்வது வேறு, தளர்ந்த குழந்தைக்குச் செய்வது வேறு. முதல் முறையாவது நேரில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அவருடைய படிப்பையும் பதிவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

*இதில் அப்பாக்களுக்கு என்ன வேலை?*

நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் கங்காரு முறை அப்பாவுக்கும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரம் அது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மா ஒருவரால் எப்படி முடியும்? முறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அம்மாவைக் கவனியுங்கள். காரணமில்லாமல் அழுகிறார், தூக்கம் வரவில்லை, "என்னால்தான் இப்படி ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றால், அவருக்கும் சிகிச்சை தேவை. டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.



(செயலாளர் குறிப்பு: நூலக அறையை வாரம் இரு நாள் மதிய வேளையில் திறப்பது குறித்த கோரிக்கை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும். மொபைல் ஸ்டாண்ட் ஒன்றும் பாய் இரண்டும் தருவதாக உறுப்பினர்கள் அன்றே தெரிவித்துள்ளனர். சாவிப் பொறுப்பை ஏற்க விரும்புபவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.)